முப்பது கட்டத்துக்குள் ஒரு முடிவு

தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் கைகளுக்குக் கீழே ஒரு நீலப் பட்டை ஓடும். ஓடும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இந்த நிலையத்தில் அது ஓடாது. இயந்திரம் அவ்வளவு பழசு. ஒரு வரி வந்து எட்டு விநாடி நிற்கும், மறையும், அடுத்தது வரும். அதற்குக் கீழ்வரி என்று பெயர். ஒரு வரிக்கு முப்பது கட்டம்தான். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்தானாலும் ஒரு கட்டம், இரண்டு சொற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளிக்கும் நிறுத்தக்குறிக்கும் ஒவ்வொரு கட்டம். முப்பத்தொன்றாவதை அடித்தால் இயந்திரம் கீச்சென்று கத்தி முழு வரியையும் துப்பிவிடும்.

பதினெட்டு வருடமாக உலக நடப்பையெல்லாம் அந்த முப்பது கட்டத்துக்குள் மடித்து வைத்தவரை அலுவலகத்தில் ஒட்டக்கா என்று கூப்பிடுவார்கள். சொற்களை ஒட்டுகிற அக்கா, ஒட்டக்கா. 'தீர்வு இல்லை' என்று பிரித்து எழுதினால் ஏழு கட்டம் போய்விடும். 'தீர்வில்லை' என்று ஒட்டினால் ஐந்தோடு முடிந்தது. ஊருக்குத் தீர்வு கிடைக்காவிட்டாலும் அக்காவுக்கு இரண்டு கட்டம் கிடைத்துவிடும். அக்காவுக்குக் கழுத்தும் கொஞ்சம் நீளம். அதனால் அந்தப் பெயர் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒட்டிய பெயர் ஒட்டியபடியே நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் கோபமே கிடையாது. கடைக்கு எழுதித் தருகிற சீட்டில்கூட 'சோப்புசீப்புபல்பு' என்று ஒரே மூச்சில் எழுதுபவர் எதற்குக் கோபப்படப் போகிறார்!

அவருடைய வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் மாஸ்டர் என்று பெயர். தையல்கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு தொலைக்காட்சி. அதில் எப்போதும் அக்காவின் நிலையம்தான் இருக்கும், ஆனால் சத்தம் இருக்காது. சத்தத்துக்கு வானொலி இருந்தது. ஆகவே அந்தக் கடையில் உட்கார்ந்தவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே கீழ்வரியைப் படிப்பார்கள். புது ஆள் யாராவது வந்துவிட்டால் மாஸ்டர் கத்தரியால் திரையைக் காட்டி, "அந்த வரி இருக்கு பாருங்க, அது என் வீட்டுக்காரி அடிச்சது" என்பார். அமைச்சரவை மாறியது, பாலம் திறந்தது, பந்தயத்தில் தோற்றது எல்லாமே தன் வீட்டில் தயாரானது போல அவருக்கு ஒரு பெருமிதம்.

அந்த இரண்டு நாற்காலிக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தார்கள்.

பெரிய அழகு நிலையங்களுக்கு ஒரு பேரவை இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், தலைக்கு ஒரு விலை, தலையைத் தொடுவதற்கு ஒரு விலை என்று நடக்கிற இடங்கள் அவை. அந்தப் பேரவை அரசாங்கத்திடம் ஒரு புது விதி கேட்டது. ஐந்து நாற்காலி, தனியாகக் காத்திருக்கும் அறை, இரண்டு கழுவுதொட்டி இருந்தால்தான் சலூனுக்கு உரிமம். கேட்டதை அவர்கள் அப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை. 'சுகாதாரத் தரம்' என்று சொன்னார்கள். சுகாதாரம் வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஐந்து நாற்காலி என்பது வரைவு விதியின் ஏழாம் பக்கத்தில் பூனை மாதிரி படுத்துக்கிடந்தது.

பேரவைக்கு ஒரு செய்தித் தொடர்பாளர் இருந்தாள். கெட்டிக்காரப் பெண், பேச்சில் தேன் ஒழுகும். முதல் நாளே நிலையத்துக்குப் போன் செய்து, "அக்கா, உங்க கீழ்வரியில எத்தனை எழுத்து போகும்?" என்று கேட்டுக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் அறிக்கை வந்துவிடும். உச்சியில், அப்படியே எடுத்துப் போடத் தயாராக ஒரு வரி இருக்கும்: 'சலூன்களில் சுகாதாரப் புரட்சி: மக்கள் வரவேற்பு'. எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது கட்டம். மூச்சு விட ஒன்று மிச்சம். எந்த மக்கள், எப்போது, எங்கே வந்து வரவேற்றார்கள் என்று கேட்க அந்த ஒரு கட்டம் போதாது. செய்தி ஆசிரியரோ வேலையில் சேர்ந்த நாள் முதல் 'சீக்கிரம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிழைத்துவருகிறவர். தயாராக வந்த வரியைப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். "போடுங்க, போடுங்க, சீக்கிரம்!"

முடிதிருத்துநர் சங்கமும் ஒரு கடிதம் அனுப்பத்தான் செய்தது. எழுதியவர் சங்கச் செயலாளரான நம் மாஸ்டரேதான். கையெழுத்தில் நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்க வணக்கம். இரண்டாம் பக்கத்தில் சங்கம் பிறந்த வரலாறு. விஷயம் மூன்றாம் பக்கத்தின் அடியில் மெதுவாகத் தலை நீட்டும்போது ஆசிரியர் அதைக் குப்பைக் கூடையில் போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.  ஆனால் கடிதத்தைக் கூடையிலிருந்து எடுக்கப் போகவில்லை. வீட்டு விவகாரத்தை வேலையில் கலக்கக் கூடாது என்பதில் அவர் கறார். அதனால்தான் இந்தச் செய்தி முதல்முதலில் வந்தபோதே ஆசிரியரிடம் போய் நின்றார்.

"சார், என் வீட்டுக்காரர் சலூன் வெச்சிருக்கார். இந்தச் செய்திய வேற யாராவது அடிக்கட்டும்."

"வேற யாரு இருக்கா இங்க? அடிங்கம்மா, சீக்கிரம்."

ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் அதே பதில். ஆகவே ஆறு வாரம், காலை தவறாமல், தன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற வரிகளைத் தன் கையாலேயே, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தார். மாஸ்டரும் தன் கடையில் நின்று அவற்றைப் படித்தார். "இதுவும் என் வீட்டுக்காரி அடிச்சதுதான்" என்று அப்போதும் சொன்னார். ஆனால் கத்தரியால் காட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேரவைக்காரர்களை அழைத்து வணிகத் துறை அமைச்சர் கூட்டம் போட்டார். சங்கத்துக்கு அழைப்பு இல்லை. பதினொன்றே முக்காலுக்கு நிருபர் போன் செய்தார்.

"அக்கா, எழுதிக்குங்க. சலூன் விதி, அமைச்சர் தலைமையில் முடிவு எட்டப்பட்டது. அவ்வளவுதான், முடிஞ்சது."

முடிந்தது என்ற சொல் அக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது. கண்ணுக்கு முன்னால் அந்த இரண்டு நாற்காலியும் தெரிந்தன. இடதுபக்க நாற்காலியின் கைப்பிடியில் தோல் கிழிந்திருக்கும்; போன மாதம்தான் அவரே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். "சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா அடித்தார். முப்பத்திரண்டு கட்டம் வந்தது. இயந்திரம் கத்தியது. பதினெட்டு வருடப் பழக்கம் உள்ள விரல்கள், மூளையிடம் கேட்காமலேயே இரண்டு சொல்லை ஒட்டின. முப்பது. வரி திரைக்குப் போனது.

'சலூன் விதி: அமைச்சர் தலைமையில் முடிவெட்டப்பட்டது'.

இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முடிவு, எட்டப்பட்டது, சேர்ந்தால் முடிவெட்டப்பட்டது. எந்தத் தமிழாசிரியரும் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் அந்த வரி போய் நின்ற இடம் அப்படி. அதற்கு மேலே, திரை முழுக்க, அமைச்சர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடையாது. விளக்குகளெல்லாம் அந்தத் தலையிலேயே மின்னின. கீழே, நாலு நிமிடத்துக்கு ஒரு தரம், எட்டு விநாடி, அமைச்சர் தலைமையில் முடிவெட்டப்பட்டது என்று ஊருக்கு அறிவிப்பு.

நிலையத்தில் யாரும் கவனிக்கவில்லை. சொந்த நிலையத்தின் கீழ்வரியைச் சொந்த நிலையத்தில் எவன் படிக்கிறான்? முதலில் படித்தது சலூன்கள்தான். மாஸ்டரின் கடையில் பெஞ்சில் காத்திருந்தவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவர் என்ன என்று தலையைத் தூக்கினார், படித்தார், நுரை நாலாபக்கமும் தெறிக்கச் சிரித்தார். மாஸ்டர் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கிறவன் கையில் அது இருக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். ஆறு வாரம் கழித்து அவர் அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துப் போனை எடுத்தார்.

"ஏம்மா, அமைச்சருக்கு முடி வெட்டிட்டாங்களாமே! எங்கேர்ந்து வெட்டினாங்க? இடத்தச் சொன்னா நாங்களும் கத்துக்குவோம்."

"என்ன உளர்றீங்க?"

"உன் வரியப் பாரும்மா."

பார்த்தார்.  அவர் பாய்ந்து போய் வரியை எடுத்தபோது, அது திரைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் ஊரில் பாதிப் பேர் திரையைப் படம் பிடித்து மீதிப் பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அமைச்சர் அலுவலகத்திலிருந்து கோபமாக ஒரு போன். பேரவையிடம் விளம்பரம் வாங்குகிற நிலைய முதலாளியிடமிருந்து அதைவிடக் கோபமாக ஒரு போன். ஆசிரியர் அக்காவைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக 'சீக்கிரம்' என்று சொல்லாமல், உட்காரச் சொன்னார்.

"முதலாளி கேக்கறார். சலூன்காரர் பொண்டாட்டி வேணும்னே செஞ்சாளான்னு."

"தப்பு என்னுதுதான் சார். ரெண்டு கட்டம் இடிச்சது, ஒட்டிட்டேன். வேணும்னு செய்யல. இந்தச் செய்தி எனக்கு வேணாம்னு மூணு தரம் உங்ககிட்ட வந்து நின்னேன்."

 ஆசிரியர் அவசரக்காரர்தான், ஆனால் பொய்யர் அல்ல. அங்கேயே போனை எடுத்தார். "நான்தான் அவங்கள அடிக்கச் சொன்னேன் சார். அவங்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க" என்று முதலாளியிடம் சொன்னார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கோபம் தணியும்வரை விசைப்பலகையைத் தொட வேண்டாம் என்று உத்தரவாகி, அக்கா பழைய ஒளிநாடாக்கள் அடுக்கிய அறையில் தூசி தட்ட உட்கார்ந்தார்.

வெளியே நடந்ததுதான் வேடிக்கை. சிரித்து முடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "அது சரி, என்ன விதி அது?" என்று கேட்டார்கள். ஆறு வாரமாகத் தினம் ஒரு தரம் திரையில் வந்த செய்தியை அப்போதுதான் ஊர் முதல்முறையாகக் கேட்டது. ஒரு நாளிதழ் நிருபர் வரைவு விதியை எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்துப் பூனை வெளியே குதித்தது. மறுநாள் காலை வானொலியில் அறிவிப்பாளர், "நீங்க முடி வெட்டிக்கிற கடையில எத்தனை நாற்காலி? கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார். ஊரே கூப்பிட்டது. "ரெண்டு." "ஒண்ணு." "ஒண்ணுதான், அதுவும் ஆடும், ஆனா எங்க அப்பா காலத்துலேர்ந்து அங்கதான்." "எண்ணிப் பாத்ததில்ல, கண்ண மூடித் தூங்கிடுவேன்."

பத்திரிகைக்காரர்கள் இப்போது சங்கத்தைத் தேடிக்கொண்டு மாஸ்டர் கடைக்கே வந்துவிட்டார்கள். முதல் நாள் அவர் வழக்கம்போல வணக்கத்தில் ஆரம்பித்துச் சங்கம் பிறந்த வரலாற்றுக்குள் நுழைந்தார். வரலாறு முடிவதற்குள் இரண்டு நிருபர்கள் முகச்சவரம் செய்துகொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் முறையிட்டார்.

"என்ன எழுதித் தரலாம்னு நீயே ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். அது என் வேலைக்குத் துரோகம். கட்டக் கணக்கு வேணா சொல்றேன், பேரவைக்காரிக்கும் அதத்தான் சொன்னேன். முப்பது."

மாஸ்டர் ஒரு துண்டுத் தாளோடு உட்கார்ந்தார். விரலை மடக்கினார், நீட்டினார், அடித்தார், திருத்தினார். அக்கா துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளை பெற்றவர் மாதிரி களைத்துப் போய்ப் படித்துக் காட்டினார்: "நாற்காலி எண்ணாதீங்க, சுத்தம் பாருங்க."

"எத்தனை?"

"இருபத்திரண்டு. எட்டு மிச்சம் இருக்கு. 'ஐயா' போட்டுக்கட்டுமா?"

"ஒண்ணும் போடாதீங்க. அப்படியே விடுங்க."

சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு கட்டத்தில் இவ்வளவு நல்ல வரியைத் தன்னால் எழுத முடிந்திருக்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் மூன்று நாளிதழ்களில் அது தலைப்பாக வந்தது.

அமைச்சர் எங்கே போனாலும், முடி வெட்டியது யார் என்று அதே கேள்வி. இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையைத் தடவிக்கொண்டு, "வெட்டினவங்க கொஞ்சம் விட்டு வெட்டியிருக்கலாம்" என்றார். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் இன்னொன்றும் சொன்னார். "எனக்கு முடி இருந்த காலத்துல நான் போன கடையில ஒரே ஒரு நாற்காலிதான். அந்தக் கடைக்கும் இந்த விதி வருமான்னு அதிகாரிகளக் கேட்டேன். வரும்னாங்க. அத எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லல." விதியை நிறுத்திவைத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுத் திறந்த விசாரணை நடத்தச் சொன்னார். அக்காவும் அன்றே விசைப்பலகைக்குத் திரும்பினார். சிரித்துவிட்ட அமைச்சருக்காக இன்னும் கோபப்பட முதலாளிக்கு என்ன பைத்தியமா?

விசாரணையில் பேரவை படம் போட்டுக் காட்டியது. மாஸ்டர் தன் இடதுபக்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கூடத்தில் போட்டார். சுகாதார அதிகாரி எழுந்து, ஆளுக்கு ஒரு புது பிளேடும், துவைத்த துண்டும், வெந்நீரில் போட்டெடுத்த கத்தரியும் இருந்தால் கடை சுத்தமான கடை, நாற்காலிக் கணக்குக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளும் அவரை ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாராம்! இவ்வளவு பெரிய ஊரில் ஒரு விதி எழுந்ததும் விழுந்ததும் யார் குரல் திரைக்குப் போனது என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சந்தோஷப்பட நிறைய இருந்தது, அதை ஏன் விட வேண்டும்?

பேரவைப் பெண்கூடப் போன் செய்து அக்காவிடம் சிரித்தாள். "ஆறு வாரம் நான் கட்டின வீட்ட, ரெண்டு வார்த்தைய ஒட்டியே இடிச்சிட்டீங்களேக்கா."

"வேணும்னு செய்யலம்மா."

"தெரியும்க்கா. வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வராது."

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல். மறுபடி அதே நிருபர், அதே போன்.

"அக்கா, எழுதிக்குங்க. அமைச்சர் தலைமையில் முடிவு எட்டப்பட்டது. நாற்காலிக் கணக்கு போச்சு. சின்னக் கடைங்க அப்படியே நடக்கலாம். உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருந்தாரு, கடையத் தொறக்கணும்னு ஓடிட்டாரு."

 அக்கா பயத்தோடு எழுந்து நேராக ஆசிரியரிடம் போனார். "சார், சலூன் செய்தி. வேற யாராவது..." என்று ஆரம்பித்தார். ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத நீங்கதான்மா அடிக்கணும். நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். மெதுவா அடிங்க."

மெதுவாக! அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து கேட்ட மகிழ்ச்சியிலேயே அக்கா பாதி தெளிந்துவிட்டார். உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'முடிவு' என்று அடித்து நிறுத்தினார். இடைவெளிக் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தமாக ஒரு தட்டுத் தட்டினார். பிறகு 'எட்டப்பட்டது'. பிறகு மீதி.

'முடிவு எட்டப்பட்டது: சின்னச் சலூன்கள் தொடரலாம்'.

ஆசிரியர் குனிந்து படித்தார்.

"அமைச்சர் தலைமையில்னு போடலையேம்மா?"

"இடமில்ல சார்."

அவர் நம்பாமல் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அமைச்சருக்கு நிஜமாகவே இடமில்லை. அக்காவின் தோளைத் தட்டிவிட்டு அறைக்குள் போனார். வரி திரைக்குப் போனது. இயந்திரம் கத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எடுத்தால் மறுமுனையில் மாஸ்டர். கடையில் இருந்த அத்தனை பேரோடும் சேர்ந்து, திரையைப் பார்த்து, சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். "இருபத்தேழு... இருபத்தெட்டு... இருபத்தொன்பது... முப்பது!" பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். "என் வீட்டுக்காரி அடிச்சது" என்று மாஸ்டர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. கத்தரிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.